பக்கத்து மனையில் கிரில் பட்டறை: மனுவை எங்கே கொடுப்பது?

கேள்வி: மதுரையில், குடியிருப்புத் தெருவில் சொந்த வீடு. ஒரு வருடமாகப் பக்கத்து மனையில் தகரக் கொட்டகை போட்டு கிரில் பட்டறை நடத்துகிறார்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் கட்டிங் மெஷின் இரவு பதினொன்றைத் தாண்டியும் ஓடுகிறது. 100-க்குப் போன் செய்தால் ரோந்து வண்டி வரும், சத்தம் நிற்கும். வண்டி தெருமுனை திரும்பியதும் மறுபடி ஆரம்பம். என்ன செய்யலாம்?

பதில்: போலீஸ் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பொதுத் தொல்லைக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) 292-வது பிரிவில் உள்ள தண்டனையே 1,000 ரூபாய் வரை அபராதம்தான். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் அவர்கள் எஃப்.ஐ.ஆர். போடவும் முடியாது. அதனால்தான் அதட்டிவிட்டுப் போகிறார்கள். இருந்தாலும் ஸ்டேஷனுக்கு நேரில் போய் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கி வையுங்கள். அடுத்தடுத்த அலுவலகங்களில் அது கைகொடுக்கும்.

சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போராடாதீர்கள், உரிமத்தைப் பிடியுங்கள். இயந்திரம் வைத்துத் தொழில் நடத்த மாநகராட்சி உரிமம் வேண்டும். குடியிருப்புப் பகுதி என்றால் எல்லாத் தொழிலுக்கும் அனுமதி கிடைக்காது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். இந்தக் கதவு எண்ணுக்குத் தொழில் உரிமம் உண்டா, எத்தனை குதிரைத்திறனுக்கு, நிலம் எந்த உபயோகப் பகுதியில் (குடியிருப்பா, தொழிலா) வருகிறது, உரிமத்தின் நகல் வேண்டும் என நான்கே கேள்வி. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘உரிமம் இல்லை’ என்று எழுத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பதிலை இணைத்து ஆணையருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் மனு அனுப்புங்கள், ஒப்புகையோடு.

கூடவே ஈ.பி.யையும் பாருங்கள். வீட்டு இணைப்பில் பட்டறை ஓடினால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-வது பிரிவில் இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். பட்டறைக்காரர் உங்களோடு பேச வருவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான்.

இனி சத்தம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆனால் 7-வது விதி, வரம்பைவிட 10 டெசிபல் கூடினால் புகார் செய்யலாம் என்கிறது. அதாவது பகலில் 65, இரவில் 55. மொபைல் ஆப் காட்டும் எண்ணை யாரும் ஏற்கமாட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் அளவெடுக்கக் கேளுங்கள். அவர்கள் வரும் நாளில் மெஷின் ஓடாது என்பது பழைய கதை. அதனால் ஒரு நோட்டுப் போட்டு இப்படி எழுதி வாருங்கள்: ‘செவ்வாய், இரவு 9.40 முதல் 11.15 வரை, கட்டிங் மெஷின், இடையில் இரண்டு நிறுத்தம்.’ மூன்று வாரம் எழுதினால் எந்த நேரத்தில் வரச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதற்கும் அசையவில்லை என்றால் ஆர்.டி.ஓ.விடம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) மனு. பட்டறையை நிறுத்தவோ இடம் மாற்றவோ அவர் நிபந்தனை உத்தரவு போடலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: அந்தப் பிரிவு பொதுத் தொல்லைக்கு மட்டும். ஒரே வீட்டுக்காரர் கையெழுத்தோடு போனால் ‘இது தனிப்பட்ட தகராறு’ என்று மனுவை மூடிவிடுவார்கள். எதிர்வீடு, பின்வீடு, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு எனச் சிலரின் கையெழுத்தைக் கதவு எண்ணோடு வாங்குங்கள்.

கையெழுத்துப் போட யாரும் வராவிட்டால் முன்சீப் கோர்ட்டில் நிரந்தரத் தடை கேட்டு சிவில் வழக்குத்தான். வழக்கோடு, நேரில் பார்த்து கோர்ட்டுக்கு அறிக்கை தரும் வக்கீல் கமிஷனரை நியமிக்கவும் மனுப் போடச் சொல்லுங்கள். பார்வையிடும் நேரமாக உங்கள் நோட்டில் உள்ள நேரத்தைக் கேளுங்கள்.