நேர்த்திக்கடனை ஏன் மகிழ்ச்சியோடு செலுத்தச் சொல்கிறார்கள்?

"குழந்தை பிழைத்தால் முடி இறக்குகிறேன்" என்று வேண்டிக்கொண்டு, நினைத்தது நடந்தபின் சொன்னபடி செய்வதே நேர்த்திக்கடன். வேண்டும்போது மனத்தில் பயம் இருக்கிறது. செலுத்தும்போது அது நீங்கிவிட்டது. அந்த நிம்மதிதான் நன்றியாகிறது. ஆபத்தில் உதவியவர் வீட்டுக்குப் பழத்தட்டுடன் போகும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டா போவோம்?

கடலூர் அருகே திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் பாருங்கள்: மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை அழும், சுற்றி நிற்கும் சொந்தங்கள் சிரிக்கும். (முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் வேறு, நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.) திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதை இங்கேயே செலுத்தும் வழக்கமும் உண்டு.

கடன் வாங்கியாவது ஆடம்பரமாகச் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முடி என்று வேண்டியிருந்தால் முடி போதும், ஊருக்கு விருந்து வைப்பதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.