சிவப்புப் பெட்டியை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோவில் சங்கத்தின் இணையதளத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். காவடிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது என்று முகப்பிலேயே சிவப்புப் பெட்டி கட்டி, மின்னி அணையும்படி போட்டும், தினமும் பத்து இருபது பேர் போன் செய்து அதையே கேட்கிறார்களாம். "இப்போதெல்லாம் யாருக்கும் படிக்கப் பொறுமை இல்லை. எழுத்தை இன்னும் பெரிதாக்கட்டுமா?" என்று கேட்கிறார்.

பெரிதாக்க வேண்டாம், முதலில் அந்தப் பெட்டியையே எடுத்துவிடுங்கள். பளபளவென்று பெட்டிக்குள் இருப்பதெல்லாம் விளம்பரம் என்று பல வருடப் பழக்கத்தில் கண் முடிவு கட்டிவிட்டது, அதனால் நம்மைக் கேட்காமலேயே தாண்டிப் போய்விடுகிறது. 1998-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பென்வே, லேன் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தேடச் சொன்ன விஷயத்துக்கான இணைப்பைப் பெரிய வண்ணப் பெட்டியில் வைத்தால், எடுப்பாகத் தெரியட்டும் என்று வைத்த அதையே பலரும் தவறவிட்டார்கள். உங்கள் பக்கத்தை என் அத்தையின் கைபேசியில் திறந்து, கடைசி நாள் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்தேன். அவர் கட்டைவிரல் சிவப்புப் பெட்டியில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நேராகப் போன வருட ஊர்வலப் படத்தில் போய் நின்றது, அப்புறம் கொஞ்சம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "கோவிலுக்கே போன் பண்ணிக் கேட்டுடலாமே" என்றார். உங்களுக்கு வரும் இருபது போனும் இப்படி வருவதுதான்.

கண் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் யார் மேலும் கோபம் வராது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த நகத்தின் அகலத்துக்குள் விழுவது மட்டும்தான் நமக்குக் கூர்மையாகத் தெரியும், மற்றதெல்லாம் மங்கல். அந்தச் சின்ன வட்டத்தை வைத்துக்கொண்டு கண் வரியில் தத்தித் தத்திப் போகிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறக்குறைய கால் நொடி. எங்கே நிற்பது, எதைத் தாண்டுவது என்பதெல்லாம் நாம் யோசித்து நடப்பதில்லை. 2006-ல் இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன், இணையப் பக்கம் படிக்கும் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது தெரிந்தது ஒரு எஃப் எழுத்து: மேலே குறுக்காக ஒரு கோடு, கொஞ்சம் கீழே அதைவிடச் சின்னதாய் இன்னொன்று, அப்புறம் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று கீழே. இதைக் கேட்டதும் பக்கத்தையே எஃப் வடிவத்தில் கட்ட வேண்டும் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள், அது தவறு. பிடித்து நிற்க ஒரு துணைத்தலைப்போ இடைவெளியோ இல்லாமல் சுவர் மாதிரி எழுத்து இருந்தால்தான் கண் அப்படி ஓடும். எஃப் தெரிந்தால் உங்கள் பக்கத்தில் ஏதோ குறை என்று அர்த்தம்.

தமிழில் எழுதுகிற நமக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் அறிவிப்பு இது: "எதிர்வரும் தைப்பூசக் காவடித் திருவிழாவை முன்னிட்டு நமது ஆலயத்தில் காவடி, பால்குடம் எடுக்க விரும்பும் பக்தர்கள் அனைவரும் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டிய கடைசி நாள் ஜனவரி 12 என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்." மேடையில் வாசித்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, 'உண்டு', 'இல்லை', 'கூடாது' எல்லாம் கடைசியில் வருகிறது, வாக்கியத்தின் முடிச்சே வால்பக்கம் இருக்கிறது, கண்ணோ தலைப்பக்கம் இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. "எதிர்வரும் தைப்பூச" என்பதைப் பார்த்தவருக்குப் புதிதாக என்ன தெரிந்தது? அதையே "ஜனவரி 12-க்குள் பெயர் கொடுங்கள். காவடி, பால்குடம் இரண்டுக்கும் இதுதான் கடைசி நாள்" என்று எழுதிப் பாருங்கள். மரியாதை எங்கும் குறையவில்லை, வணக்கமும் அன்பும் அதற்குக் கீழே வரட்டும். புயல் சீசனில் நாம் எல்லோரும் முதலில் தேடுவது கிளாஸ் 2-ஆ 3-ஆ என்ற அந்த எச்சரிக்கை எண்ணைத்தானே, புயல் எங்கே மையம் கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

மெனுவிலும் இதே கதை. "நமது ஆலய வரலாறு", "நமது ஆலய விழாக்கள்", "நமது ஆலயத் தமிழ் வகுப்பு", "நமது ஆலய நன்கொடை" என்று ஒன்பது வரி. கண் இடது ஓரமாக இறங்கும்போது 'நமது ஆலய' என்று ஒன்பது தடவை பார்க்கிறது, வேறொன்றும் பார்ப்பதில்லை. யாருடைய ஆலயம் என்று பக்கம் திறக்கும்போதே தெரிந்துவிட்டது, அதை வெட்டிவிட்டு வரலாறு, விழாக்கள், தமிழ் வகுப்பு, நன்கொடை என்று வையுங்கள். பட்டனிலும் "பதிவு செய்ய இங்கே அழுத்தவும்" வேண்டாம், "பெயர் கொடுக்க" போதும்.

அப்புறம் இடது பக்கம் பிரெஞ்சு, வலது பக்கம் தமிழ் என்று இரண்டு பத்தியாகப் போட்டிருக்கிறீர்கள். கைபேசியில் அந்த வலது பத்தி பிரெஞ்சு முழுக்க முடிந்த பிறகு கீழே எங்கோ போய்விடுகிறது, பார்த்தீர்களா? எது முதலில் வர வேண்டும் என்பது இந்தத் தீவில் தமிழருக்குச் சின்ன விஷயமே இல்லை. 1998-ல் வந்த புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே போட்டதற்கு எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதும் உண்மை. அதனால் ஒவ்வொரு செய்திக்கும் தமிழில் ஒரு குட்டி வரி, உடனே கீழே பிரெஞ்சில் அதே வரி என்று ஒட்டி ஒட்டி வையுங்கள். தேதி எண்ணில் இருப்பதால் எந்த மொழிக்காரர் கண்ணும் அங்கே நிற்கும், பக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சொல்லும் பழகிப்போகும்.

இரண்டு ஓரமும் சமமாக இழுத்துவிட்டிருப்பதையும் மாற்றுங்கள். தமிழ்ச் சொல் நீளம், கைபேசித் திரை குறுகல், நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழுகிறது. இடது ஓரம் மட்டும் ஒட்டி நிற்கட்டும். வரிக்கு வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள், 'கி'யின் மேல்விலங்கும் 'கூ'வின் வாலும் மோதிக்கொள்கின்றன.

இன்னொன்று, பெயர் கொடுக்கும் பட்டனை ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே என்று மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஏழு கறி இலையில் ஊறுகாய் எங்கே இருக்கும் என்று கை பார்க்காமலே போகிறது இல்லையா, திரையிலும் விரல் அப்படித்தான் பழகும்.

இதையெல்லாம் மாற்றிய பிறகு ஒரு காகிதத்தை எடுத்துத் திரையின் வலது பாதியை மறைத்துக்கொண்டு, மிச்சம் தெரிவதை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஜனவரி 12 தெரிகிறதா, பெயர் கொடுக்கும் பட்டன் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிறவர்களில் ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, எதுவும் சொல்லித் தராமல் பக்கத்தில் நின்று விரல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அதில் ஒருவராவது பாட்டியாக இருக்கட்டும்.