புளோவர் சில நேரம் ஓடும், சில நேரம் நிற்கும்: பழைய வண்டிக்காரர்கள் கேட்டவை

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே கோளாறைப் பற்றியவை: பழைய காரில் காற்று தள்ளும் மோட்டார் நினைத்தபோது ஓடுகிறது, நினைத்தபோது நிற்கிறது. ஏர்கானோ ஹீட்டரோ, உள்ளே காற்றைத் தள்ளுவது அதே புளோவர்தான். அதனால் கேமரன் மலை ரிங்லெட்டிலிருந்து வந்த ஹீட்டர் கேள்வியையும் இதில் சேர்த்துவிட்டேன். வயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: அளந்து பார்க்காமல் பொருள் வாங்காதீர்கள்.

அண்ணே, என்னுடையது பழைய கான்சில் கார். காலையில் புளோவர் நன்றாக ஓடும், மதியம் நின்றுவிடும். டேஷ்போர்டுக்குக் கீழே தட்டினால் திரும்ப ஓடுகிறது. மோட்டாரை மாற்றிவிடலாமா? (லிந்தாங்)

அவசரப்படாதீர்கள் தம்பி. தட்டினால் ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்குக் கரண்டு கொடுக்கும் கரித்துண்டு, அதாவது கார்பன் பிரஷ்தான். அது தேய்ந்து குட்டையானதும் ஸ்பிரிங் அதைச் சரியாக அழுத்தாது. மோட்டார் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் அங்கே தொடர்பு கிடைக்காது; தட்டும்போது கொஞ்சம் நகர்ந்து ஓடத் தொடங்கும். ஆனால் நீங்கள் தட்டும்போது பக்கத்தில் உள்ள, வயரை மோட்டாரோடு இணைக்கும் சாக்கெட்டும் சேர்ந்துதான் ஆடுகிறது. லூசான சாக்கெட்டும் இதே வேடிக்கையைக் காட்டும். கோளாறு எந்தப் பக்கம் என்று வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்துத்தான் தேட வேண்டும்.

மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில்தான் அளக்க வேண்டும். அந்த நேரத்தில் தட்டவே தட்டாதீர்கள், ஓடிவிட்டால் தடயம் போய்விடும். சாவி ஆனில் இருக்கட்டும், சுவிட்சை அதிக வேகத்தில் வையுங்கள். சாக்கெட்டைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் தனித்தனியாக பாடி எர்த்தோடு (கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் வண்டியின் உலோக உடல்) ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வயரில் 12 வோல்ட், மற்றதில் ஏறக்குறைய பூஜ்யம், ஆனாலும் மோட்டார் சுற்றவில்லை என்றால் குற்றவாளி மோட்டார், அல்லது சாக்கெட்டுக்குள் உள்ள முனை. இரண்டிலுமே 12 வோல்ட் காட்டினால் மோட்டார் வரை கரண்டு வந்து, அதற்குள் புகுந்து வெளியேயும் வந்துவிட்டது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. சுவிட்ச், எர்த் வயர் இவற்றில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. இரண்டிலும் ஒன்றுமே இல்லையென்றால் பியூஸ், ரிலே பக்கம் போங்கள்.

இரண்டு வயரிலும் 12 வோல்ட் காட்டும் அந்த நடு நிலைதான் நிறைய பேரை ஏமாற்றுகிறது. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல பழைய வண்டிகளில் மோட்டாருக்குப் பாசிட்டிவ் நேராக வந்துவிடும்; சுவிட்ச் வெட்டி இணைப்பது எர்த் பக்கத்தை. டெஸ்ட் பல்பை ஒரு வயரில் மட்டும் வைத்து "கரண்டு வருது, மோட்டார்தான் போச்சு" என்று சொல்லி நல்ல மோட்டாரைக் கழற்றிப் போடுவது இதனால்தான். உங்கள் பணம் வீணாவது இந்த இடத்தில்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

சாக்கெட்டைக் கையால் தொட்டும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகியோ உருகியோ இருந்தால் உள்ளே உள்ள முனை சூடாகிறது என்று பொருள். மோட்டாரை மட்டும் மாற்றி அந்த முனையை அப்படியே விட்டால் சில மாதங்களில் திரும்ப வருவீர்கள்.

பழைய சாகா கார். புளோவர் சுவிட்சில் 1, 2, 3-இல் காற்றே இல்லை, கடைசி வேகத்தில் மட்டும் வருகிறது. சில நாள் எல்லாமே வேலை செய்கிறது.

விசிறி வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்தான். குறைந்த வேகங்களில் கரண்டு அதன் வழியாகப் போகிறது. கடைசி வேகம் அதைத் தாண்டி நேராகப் போகிறது. அதில் சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் ஒரு வெப்பப் பியூஸ் இருக்கும், அதன் ஈயப் பற்று விரிசல் விட்டால் சூட்டுக்கும் குளிருக்கும் தகுந்தபடி ஒட்டும், விலகும். புளோவர் தள்ளும் காற்றிலேயே குளிரட்டும் என்றுதான் இதைக் காற்றுக்குழாய்க்குள் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே புதியது மாட்டும்போது விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகச் சுற்றினால் மோட்டார் அதிகக் கரண்டு இழுக்கிறது, புது ரெசிஸ்டரும் எரியும். வெப்பப் பியூஸைத் தாண்டி நேர் வயர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐயா, ஈப்போ தாண்டி தாப்பா வரை போனால் காற்று மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடுகிறது. வண்டியை நிறுத்தி வைத்தால் திரும்ப வருகிறது. புளோவர் வாங்கிவிட்டேன், பலனில்லை.

காற்று நின்றபோது விசிறிச் சத்தம் கேட்டதா? கேட்டிருந்தால் புளோவர் நன்றாகவே இருந்திருக்கிறது. உள்ளே கூலிங் காயில் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிட்டது. அடுத்த முறை ஏர்கான் பொத்தானை மட்டும் அணைத்து, விசிறியை ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி, வண்டிக்கு அடியில் நீர் நிறையச் சொட்டினால் உறுதி. காயில் உறையாமல் கம்பிரசரை நிறுத்த வேண்டிய சென்சார், அடைத்துப்போன பில்டர், குறைந்த கேஸ், இந்த மூன்றையும் ஏர்கான் கடையில் பார்க்கச் சொல்லுங்கள். வயரிங் ஆளுக்கு இதில் வேலையில்லை.

அடிக்கடி பியூஸ் எரிகிறது. 20-க்குப் பதில் 30 ஆம்பியர் போட்டதும் சரியாகிவிட்டது. தொடரலாமா?

இன்றைக்கே மாற்றுங்கள். அந்த வயரின் தடிமனுக்குத் தகுந்துதான் பியூஸ் வைத்திருக்கிறார்கள். பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரியப்போவது வயர், அது டேஷ்போர்டுக்குள்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் குலுங்கும்போது புளோவர், பவர் விண்டோ, சிக்னல் எல்லாம் சேர்ந்து நிற்கின்றன.

புளோவரை மறந்துவிடுங்கள் தம்பி. மூன்றும் ஒன்றாக நின்றால் மூன்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. சாவியை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். எல்லாம் நின்று நின்று வந்தால் சாவிக்குப் பின்னால் உள்ள இக்னிஷன் சுவிட்சின் முனைகள் தேய்ந்துவிட்டன. இல்லையென்றால் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள எர்த் போல்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்குங்கள்.

பால்மரத்து நிழலில் நிறுத்துகிறேன். டக் டக் என்று சத்தம், மழை பெய்தால் புளோவர் நிற்கிறது.

இலைதான். கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று நுழையும் தட்டைத் திறந்து வாருங்கள். இலை அடைத்தால் மழைநீர் வடியாமல் மோட்டாருக்குள் இறங்கும்.

அண்ணே, ரிங்லெட்டில் அப்பாவின் 1960-களின் லேண்ட் ரோவர் இன்னும் ஓடுகிறது. காலை மூடுபனியில் கண்ணாடி மங்குகிறது, ஹீட்டர் விசிறி எப்போதாவதுதான் சுற்றுகிறது.

அதைக் காப்பாற்றி வைத்திருப்பதே பெரிய விஷயம். முதலில் பேட்டரியைப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலோடு சேர்ந்திருக்கும். பிறகு யாராவது மாற்றியும் இருக்கலாம். தெரியாமல் கை வைக்காதீர்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இன்றைய காந்த மோட்டாரை வயர் மாற்றாமல் மாட்டினால் தலைகீழாகச் சுற்றும், காற்று மெலிந்துதான் வரும்.

அடுத்தது எர்த். லேண்ட் ரோவரின் உடல் பெரும்பாலும் அலுமினியம், அடிச்சட்டமான சேசிஸ் இரும்பு. இரண்டும் சேரும் இடம் ஈரத்தில் அரிக்கும். மலைப்பக்க வண்டியில் இதற்கே முதல் வாய்ப்பு. ஹீட்டரின் எர்த் முனையிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தனி வயர் ஒன்றைத் தற்காலிகமாகப் பிடியுங்கள். விசிறி ஒழுங்காக ஓடினால் அதையே நிரந்தரமாக்கிவிடலாம். ஓடவில்லையென்றால் வழியில் உள்ள உருளை வடிவ இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துத் துடையுங்கள். அப்புறம் விசிறியைக் கையால் சுற்றுங்கள்; காய்ந்திருந்தால் அச்சின் புஷ்ஷில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய், பிரஷ்ஷில் படக்கூடாது.

கண்ணாடியில் படிவதைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக இழுத்து, இனிப்பு வாடை வந்தால் அது மூடுபனி இல்லை. ஹீட்டருக்குள் கூலன்ட் கசிகிறது, விசிறிக்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும். மீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.