செயின்சா 2 நாளில் மொட்டையாகிறது, மரமும் வாய் போட்ட பக்கம் விழுவதில்லை. என்ன செய்வது?

மரம் வெட்டும் தொழிலுக்கு வந்து 6 மாதம் ஆகிறது, புதுச் செயின் போட்டாலும் 2 நாளில் மொட்டையாகிறது, வாய் (மரம் விழவேண்டிய பக்கம் முதலில் வெட்டும் ஆப்பு வடிவப் பள்ளம்) போட்ட பக்கம் விழாமல் மரம் ஒதுங்கிப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பட்டுக்கோட்டைப் பக்கம் 19 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டிலும் நானும் கஷ்டப்பட்டவன்தான்.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை மாதிரித் தெரியும். பல சமயம் ஒன்றிலிருந்துதான் மற்றது வருகிறது. செயினில் இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் மாறி மாறி வரும். நாம் அரம் போடும்போது கைவாகுக்கு ஏற்ற பக்கம் அழுத்தமாகத் தேய்ப்போம், மறுபக்கம் லேசாக விட்டுவிடுவோம். நாலைந்து தடவை இப்படிப் போனால் பல் நீளம் பக்கத்துக்குப் பக்கம் மாறிவிடும். அப்புறம் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நேராகப் போகாது, நீளப் பல் இருக்கும் பக்கம் வளையும். வெளியே நின்று பார்த்தால் நேராக அறுப்பது போலவே இருக்கும். ஆனால் உள்ளே பின்வெட்டு (வாய்க்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்கும் வெட்டு) நினைத்த உயரத்துக்கு வந்து சேராது. அந்த மரம் சொன்ன பக்கம் எப்படி விழும்?

அதனால் அரத்திலிருந்து தொடங்குங்கள். .325 பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம். சின்ன மிஷினில் வரும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மில்லிமீட்டர். கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி சாய்வு. பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். இருப்பதிலேயே குட்டையான பல் எதுவோ அதுதான் அளவு, மற்ற எல்லாம் அதற்குச் சமமாக வரவேண்டும். பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அது பல்லின் முனையைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் பல் மரத்தைக் கடிக்காது. வேகமாக அறுக்கட்டும் என்று அதை அதிகமாகத் தேய்த்தால் செயின் மரத்தைக் கவ்வி, மிஷினை உங்கள் மேலேயே எறியும். மொட்டையாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் பல்லுக்கு 2 தள்ளு கொடுங்கள். மரத்தூள் மாவு மாதிரி வந்தால் செயின் மொட்டை, செதிலாக வந்தால் சரி.

2 நாளில் மொட்டையாவதற்குக் காரணம் அநேகமாக மண். தரையில் கிடக்கும் மரத்தை முழுசாக அறுத்து இறக்கினால், கடைசி ஒரு அங்குலத்தில் செயின் மண்ணைத் தொட்டுவிடும், அந்த ஒரு நொடியே போதும். முக்கால் பங்கு அறுத்ததும் உருட்டிவிட்டு மேலிருந்து முடியுங்கள். சாலையோர வேம்பிலும் புளியிலும் தட்டி கட்டிய ஆணி பட்டைக்குள் புதைந்திருக்கும், முதலில் தடவிப் பாருங்கள். பார் ஆயிலுக்கு (பாரும் செயினும் தேயாமல் இருக்க ஊற்றும் எண்ணெய்) பதில் வண்டியின் கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதிலிருக்கும் இரும்புத் துகள் பாரைத் தின்னும், தோலுக்கும் கெடுதல். பாரைத் தினமும் கழற்றிப் பள்ளத்தைச் சுத்தம் செய்து, மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள். வேலை முடிந்ததும் செயினைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கி இழுக்கும்.

சரி, மரத்துக்கு வருவோம். விழவேண்டிய பக்கம் அடிமரத்தின் விட்டத்தில் கால்வாசிக்குள் வாய் போடுங்கள். வாயின் மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும், ஒன்றைத் தாண்டி இன்னொன்று போகக்கூடாது. பின்வெட்டு அந்தக் கோட்டைவிட ஒன்றிரண்டு அங்குலம் மேலே. பின்வெட்டுக்கும் வாய்க்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரத்தை அறுக்காமல் விடவேண்டும். 50 சென்டிமீட்டர் மரம் என்றால் 5 சென்டிமீட்டர். அதுதான் கதவின் கீல் மாதிரி மரத்தைப் பிடித்துக்கொண்டே சாய்க்கும். இரண்டு ஓரத்திலும் அது ஒரே தடிமனாக இருக்கட்டும்.

என் இரண்டாம் வருஷத்தில் ஒரு வேம்பு அசையவில்லை என்று அவசரப்பட்டுக் கீலையும் அறுத்துவிட்டேன். மரம் அடிக்கட்டை மேலேயே உருண்டு இடப்பக்கம் போய் மாட்டுக்கொட்டகைச் சுவரில் விழுந்தது. மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது, அந்த வீட்டு அம்மா அப்போதுதான் சாணி அள்ளிவிட்டு நகர்ந்திருந்தார். இன்றும் அந்த வீட்டைத் தாண்டும்போது எனக்குக் கை நடுங்கும். மரம் அசையவில்லை என்றால் ஆப்பு அடியுங்கள், கீலைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் ஆப்பு 2 எப்போதும் இடுப்பில் இருக்கட்டும், பார் மாட்டிக்கொள்வதையும் அது தடுக்கும்.

வாய் போடுவதற்கு முன்பே, விழும் திசைக்குப் பின்னால் இரு பக்கமும் சாய்வாக விலகி ஓட வழி வெட்டி வையுங்கள். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது. பார் முனையின் மேல்பாதி எதிலும் படக்கூடாது, பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும். இடக்கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இருக்கட்டும். லுங்கியோடும் செருப்போடும் இந்த மிஷினைத் தொடாதீர்கள். செயின்சாவுக்கென்றே வரும் பேன்ட்டில் உள்ள நார், பட்டவுடன் செயினைச் சுற்றி நிறுத்திவிடும். விலை அதிகம்தான், ஆனால் என் பையன்களுக்கு வாங்கித் தந்துவிட்டுத்தான் வேலைக்குக் கூப்பிடுகிறேன்.

தென்னைக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். வெளியே வைரம் (கெட்டியான பகுதி) உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. தென்னை அந்தப் புல் வகைதான். ஓரம் இரும்பு, நடு சோறு. நடுவில் நிற்கும் கீலுக்கு வலு இருக்காது. வீடு பக்கத்தில் இருந்தால் ஆள் ஏறி மட்டையும் குலையும் இறக்கி, துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குவதுதான் வழி. திறந்த தோப்பில்கூட உச்சியில் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்காமல் நான் அறுப்பதில்லை.

புயலில் விழுந்த மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்து. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் போனபிறகு பல நாள் சாலை மறித்த மரங்களை அறுத்தோம். வேரோடு சாய்ந்த ஒரு வாகையை அறுக்கப் போனபோது, தூர் பெயர்ந்த குழிக்குள் நின்றிருந்த என்னை ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்தார். “தம்பி, பாரம் போனா தூரு எந்திரிச்சு உக்காந்துக்கும், உள்ள நிக்காத” என்றார். அடுத்த பத்து நிமிஷத்தில் அடிமரம் அறுந்ததும் அந்தத் தூர் மண்ணோடு எழுந்து குழிக்குள் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு கிடக்கும் மரத்தில் எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்க்காமல் மிஷினை வைப்பதில்லை. அமுங்கிய பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்து, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து மெதுவாக முடிக்க வேண்டும். மின்கம்பி பட்ட மரம் என்றால் லைன்மேன் நேரில் வந்து லைனை நிறுத்தும்வரை மிஷின் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.