பேப் ஸ்மியருக்குப் பதிலாக ஒரு குச்சி: அம்மா நம்பலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 54. கிளினிக்கில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பேப் ஸ்மியர் எடுக்காமல், ஒரு குச்சியைக் கொடுத்து "கழிவறையில் நீங்களே எடுத்துட்டு வாங்க" என்கிறார்களாம். டாக்டர் கை படாத சோதனையை நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். பேராக் தோட்டப்புறக் கிளினிக்குகளில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பேப் ஸ்மியர் என்றாலே பெண்கள் நழுவிவிடுவார்கள். படுக்கையில் அப்படிப் படுக்கக் கூச்சம், ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கணக்கு. அதையும் மீறி இழுத்துப் பிடித்தால், "பேரப்பிள்ளையே எடுத்தாச்சு மிஸ்ஸி, இனி எதுக்கு?" ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சோதிக்க வேண்டிய வயதே 30 முதல் 65 வரைதான். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கு எதிரான ஊசியை மலேசியப் பள்ளிகளில் போடத் தொடங்கியது 2010இல். அம்மா தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை.

பேப் ஸ்மியர் மாறிப்போன செல்லைத் தேடுகிறது. அதனால் கருப்பை வாயிலேயே சுரண்டி எடுக்க வேண்டும், அதற்குப் பழகிய கை வேண்டும். புதிய சோதனை தேடுவது எச்பிவி கிருமியின் மரபணுவை. அந்தக் கிருமி பிறப்புறுப்பின் உள் ஈரத்திலேயே அகப்படும். குச்சியை உள்ளே விட்டு, சொன்னபடி சில சுற்று சுற்றி எடுத்தால் போதும். மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில், டாக்டர் எடுத்ததும் தானே எடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கண்டுபிடிக்கின்றன. இங்கே மலாயாப் பல்கலைக்கழகம் 2018இல் 'ரோஸ்' திட்டத்தில் இதைச் செய்து பார்த்தது. மறு ஆண்டு சுகாதார அமைச்சு படிப்படியாகத் தொடங்கியது. மாதவிடாய் நாளில் மட்டும் வேண்டாம்.

கிருமி இல்லை என்று வந்தால் அடுத்தது 5 ஆண்டு கழித்து. இருக்கிறது என்று வந்தால்தான் வீட்டில் குழப்பம் தொடங்கும். முதலில், அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு உடம்பே கிருமியை விரட்டிவிடும். 16, 18 வகை என்றால் நேராகப் பெரிய மருத்துவமனையில் கருவி வைத்துக் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். புற்றுநோயில் சுமார் 70 விழுக்காடு இந்த இரண்டு வகையால்தான். மற்ற வகை என்றால் பொதுவாக முதலில் செல் பரிசோதனை.

அப்புறம், வெளியில் யாரும் பேசாத விஷயம். இது உடலுறவால் பரவும் கிருமி என்று தெரிந்ததும் புருஷன் பெண்டாட்டிக்குள் சந்தேகம் வரும். கிருமி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று இந்தச் சோதனை சொல்லாது. இதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் சமாதானம் மாதிரி கேட்கும். ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்ன கடிதத்தை அலமாரியில் ஒளித்து வைத்த பெண்களை எனக்குத் தெரியும். காரணம் பஸ் காசு மட்டும் அல்ல.

ஒன்று மட்டும் கண்டிப்பு. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் கசிந்தாலோ, உறவுக்குப் பின் கசிந்தாலோ, குச்சியோடு நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும், சோதனை முடிவு நல்லபடி வந்திருந்தாலும். கருப்பையை எடுத்தவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லட்டும்.

சரி, முடிவை எந்த நம்பருக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். தோட்டத்தில் போன் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் நம்பரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.