விதையைத் தவிர எதையும் தொடாத பட்ஜியை எப்படி மாற்றுவது?

கேள்வி: எங்கள் பட்ஜிக்கு (கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளி வகை) மூன்று வயது. தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும்தான் தின்கிறது. கேரட், கீரை எது வைத்தாலும் அப்படியே கிடக்கிறது, பெல்லட் (சத்துகளைக் கலந்து சின்ன உருண்டைகளாகச் செய்த தீனி) வைத்தால் கிண்ணத்தையே கவிழ்த்துவிடுகிறது. ஒரு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பசி வந்தால் எதையும் தின்னும் என்பது நமக்குச் சரி. ஆனால் குஞ்சாக இருந்தபோதிலிருந்து விதையை மட்டுமே பார்த்த பறவைக்குக் கேரட் துண்டு சாப்பாடு என்றே தோன்றாது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினி கிடக்கும். பட்ஜியின் மொத்த எடையே 30 முதல் 40 கிராம்தான், இவ்வளவு சின்ன உடம்பு ஒன்றிரண்டு நாள் முழுப் பட்டினியைத் தாங்காது. வருடக்கணக்கில் விதையே தின்று கல்லீரலில் கொழுப்பு ஏறியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால் உணவை மாற்றும் முன் ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். காலையில் தீனி வைப்பதற்கு முன்னால், தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 35 கிராம் பறவை மூன்று கிராம் இறங்கிவிட்டது என்றால் உடனே நிறுத்திவிட்டுப் பழைய தீனிக்கே திரும்புங்கள். கிண்ணத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது நிறையப் பேர் ஏமாறும் இடம். பட்ஜி விதையை அலகில் உருட்டி உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போடும், பார்வைக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் இருக்கும், ஊதிப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் உமி.

காட்டில் பட்ஜி விதைதானே தின்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், ஆஸ்திரேலியப் புல்வெளிகளில் புல்விதைதான் அதற்கு முக்கிய உணவு. ஆனால் அங்கே பல வகைப் புல், பச்சையாகப் பால் பிடித்த கதிர், அதோடு நாளெல்லாம் பறக்கும் வேலை. கூண்டில் உட்கார்ந்துகொண்டு காய்ந்த விதையைத் தின்பது வேறு கதை. தினையில் கொழுப்பு குறைவு, சூரியகாந்தியிலோ பாதிக்குப் பாதி கொழுப்பு. காய்ந்த விதையில் வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின் மூன்றும் போதாது. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூச்சுப்பாதையின் உட்தோல் தடித்துத் தொற்று சுலபமாகப் பிடிக்கும். கால்சியம் குறைந்த பெட்டைக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அலகு கன்னாபின்னாவென்று நீண்டு, அதில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும்.

சரி, மாற்றுவது எப்படி? கீரையில் ஆரம்பியுங்கள். நன்றாகக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட, அது வழக்கமாக உட்காரும் குச்சிக்குப் பக்கத்தில் கிளிப்பில் தொங்கவிடுங்கள். முதலில் பயந்து எட்டிப் போகும், அப்புறம் ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும், அந்த விளையாட்டில் இலை ஓரத்தைக் கடித்துப் பார்க்கும். அந்தக் கடிதான் நமக்கு வேண்டியது. கேரட், சிவப்புக் குடைமிளகாய், ப்ரோக்கோலி இவற்றைப் பெரிய துண்டாக வைக்காமல் துருவி, தட்டையான தட்டில் பரப்பி, மேலே கொஞ்சம் தினை தூவுங்கள். எதிரில் உட்கார்ந்து நீங்களும் கேரட்டைக் கடித்தால் பலன் உண்டு, கூட்டமாக வாழும் பறவை, மற்றவர் தின்பதைப் பார்த்துத்தான் நம்பும். இதெல்லாம் காலையில், பசி நேரத்தில். ஓரிரு மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிட்டு வழக்கமான விதையை வையுங்கள்.

பெல்லட்டைப் பொடித்து, லேசாக ஈரப்படுத்திய விதையில் புரட்டிக் கொடுங்கள். பெரும்பகுதி உமியோடு போய்விடும், பரவாயில்லை, ருசி நாக்குக்குப் பழகும். பெல்லட்டை உண்மையிலேயே விழுங்குகிறது, எடையும் நிற்கிறது என்று உறுதியான பிறகு விதையை வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். சில பறவை பத்து நாளில் மாறும், சிலதுக்கு மாதங்கள் ஆகும். விதையை அடியோடு நிறுத்த வேண்டும் என்ற பிடிவாதம் பட்ஜி விஷயத்தில் எனக்கு இல்லை. சூரியகாந்தியை மட்டும் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு, கையில் வந்து உட்கார்ந்தால் ஒன்று என்று பரிசாகக் கொடுங்கள்.

பழம் இனிப்பு, சின்னத் துண்டு போதும், ஆப்பிள் விதையை எடுத்துவிடுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, மது, வெங்காயம், பூண்டு, உப்புத் தின்பண்டம் கூடவே கூடாது. இதில் அவகாடோ கொஞ்சமே உயிரை எடுத்துவிடும். தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். ருசி மாறினால் பறவை தண்ணீரே குறைவாகக் குடிக்கும், கிருமியும் சீக்கிரம் வளரும். கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டில் மாட்டினால் கால்சியத்துக்கு உதவும். விதையை உரித்துத் தின்னும் பறவைக்கு மணல், கல் தேவையில்லை, முழுசாக விழுங்கும் புறாவுக்குத்தான் அது.

காய்கறி தின்னத் தொடங்கியதும் எச்சம் கொஞ்சம் நீர்த்துப்போகும், பெல்லட்டால் நிறமும் மாறும், அதற்குப் பயப்படாதீர்கள். ஆனால் எச்சம் எண்ணிக்கையில் குறைந்து, சின்னதாய்க் கரும்பச்சையாய் விழுந்தால் அது சாப்பிடவில்லை என்று அர்த்தம். கூடவே இறகை உப்பிக்கொண்டு அடித்தளத்தில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே பறவை மருத்துவரிடம் போங்கள், எடைக் குறிப்பையும் கூண்டின் அடியில் விரித்த காகிதத்தையும் கையோடு கொண்டுபோனால் அவருக்கு வேலை பாதி முடிந்துவிடும்.