கீழக்கரை அம்பாசடருக்கு எந்த பிளக்?

அண்ணே, 72 மாடல் மார்க் 2-க்கு, 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு, கடையில் பிபி6எச்எஸ் என்ற ஸ்பார்க் பிளக்கைக் கொடுத்தார்கள், மாட்டியதிலிருந்து அடைத்து அடைத்து ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு அந்த 'எச்' எழுத்தில்தான். அதைச் செய்யும் என்ஜிகே கம்பெனி கணக்கில் எச் என்றால் மரை நீளம் 12.7 மி.மீ., ஈ என்றால் 19. உங்கள் இன்ஜின் ஹெட்டுக்கு, அதாவது பிளக் திருகும் மேல்பாகத்துக்கு, 19 வேண்டும். குட்டை பிளக்கில் பொறி குழிக்குள்ளேயே விழும். மிச்ச மரையில் கரி அப்பிக்கொள்ளும்.

பிபி6ஈஎஸ் வாங்குங்கள். பாஷ் கம்பெனி பிளக் என்றால் டபிள்யூ7டிசி. எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்: என்ஜிகேயில் எண் ஏறினால் குளிர் பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துவது; பாஷில் தலைகீழ். நம்ம பக்கத்து மெக்கானிக்குகளுக்கு விசைப்படகு டீசல் இன்ஜின்தான் கைப்பழக்கம், பிளக்கே இல்லாத ஜாதி. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பிளக் நுனியில் பொறி தாவும் இடைவெளி 0.64 மி.மீ., ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்தே பாருங்கள். என் மண்டபம் வண்டியில் புது பிளக் போட்டும் இழுக்கவில்லை. பிளக் தலையில் மாட்டும் ஒயர் மூடியைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு, உப்புக்காற்று வேலை. உங்கள் வண்டியிலும் அது இருந்தால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள், மரை பிசகினால் செலவு பெரிது.